மேலே பார்க்க முடியாத குழந்தையிடம் ‘மேலே பார்’ என்று கேட்டால்: சிறப்புப் பள்ளி ஒன்றில் ஒரு நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டில் மாவட்டத் தலைநகர் ஒன்றில் உள்ள சிறப்புப் பள்ளியில் ஒரு கல்வியாண்டில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். குழந்தையின் தாயாரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன், சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன். குழந்தையைப் பள்ளியில் எல்லோரும் கூப்பிடுவதுபோல ‘பாப்பா’ என்றே குறிப்பிடுகிறேன். இவளுடைய கோப்பைப் போன்ற கோப்புகள் வேறு பள்ளிகளின் அலமாரிகளிலும் இருக்கும் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பின்னணி

மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் படிக்கும் பள்ளி இது. பேச்சு, மொழிப் பயிற்சிக்கு நான் ஒருத்திதான். பிசியோதெரபிஸ்ட் வாரத்தில் சில நாள் வருவார். பெற்றோர் ‘ஸ்பீச் கிளாஸ்’ என்று சொல்லும் என் அறையில் ஒரு பிள்ளைக்கு வாரத்துக்கு அரை மணி நேரம் கிடைத்தால் பெரிது. நான் எடுத்த முடிவுகள் பலவற்றுக்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

பாப்பாவுக்கு அப்போது எட்டு வயது. டிஸ்கைனெடிக் வகை மூளை முடக்குவாதம். கையும் காலும் முகமும் தாமாகவே முறுக்கி நெளியும். ஏதாவது செய்ய முயன்றால் அந்த முறுக்கல் இன்னும் கூடும், தூங்கும்போது முழுவதுமாக நின்றுவிடும். தானாக உட்கார முடியாது. வார்த்தை கிடையாது. சிரிக்கும்போதும் அழும்போதும் மட்டும் குரல் வரும்.

கோப்பில் மூன்று குறிப்புகள் கண்ணில் பட்டன. முதலாவது, கடுமையான அறிவுசார் குறைபாடு என்ற மதிப்பீடு. சமூக முதிர்ச்சி அளவுகோலையும் செகுவின் ஃபார்ம் போர்டையும் வைத்து அதைத் தந்திருந்தார்கள். சமூக முதிர்ச்சி அளவுகோலில் நிறையக் கேள்விகள் தானாகச் சாப்பிடுவது, உடுத்துவது, நடந்து போவது பற்றியவை. ஃபார்ம் போர்டு என்பது பத்து வடிவக் கட்டைகளை எடுத்து அதனதன் குழியில் வைக்கும் சோதனை. கை சொன்ன பேச்சு கேட்காத குழந்தைக்கு இரண்டிலும் என்ன மதிப்பெண் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, “கேட்டல் இயல்பு (ஓஏஇ)”. ஓஏஇ என்பது ஒலிக்கு உள்காது எதிர்வினை காட்டுகிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனை. மூன்றாவதை அப்படியே தருகிறேன்: “‘ஆமாம்’ என்பதற்கு மேலே பார்க்கக் கற்றுத் தரப்பட்டது. பதில் நிலையாக இல்லை. கேள்வி புரியவில்லை எனத் தெரிகிறது.” பேச முடியாத மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கு ‘ஆமாம்’ என்றால் கண்ணை மேலே உயர்த்து என்று கற்பிப்பது உலகம் முழுவதும் உள்ள வழக்கம்தான். அந்தக் குறிப்பை எழுதியவர் வழக்கத்துக்கு மாறாக எதுவும் செய்துவிடவில்லை.

நடத்தைப் பதிவேட்டில் “சாப்பாட்டு நேரத்தில் அடம், அழுகை” என்று மாதாமாதம் ஒரே வரி இருந்தது.

சாப்பாட்டு வேளையில் கண்டது

புதிதாக ஒரு பிள்ளை என் பட்டியலில் சேர்ந்தால் முதலில் அறைக்குக் கூப்பிடுவதில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். விழுங்குவதில் சிக்கல் இருந்தால் அதுதான் அவசரம், பேச்சு அப்புறம்.

பாப்பாவுக்கு இரண்டு ஆயாக்கள் மாறி மாறி ஊட்டுவார்கள். ஒருவர் நின்றுகொண்டு, நாற்காலியைப் பின்னால் சாய்த்து, தலையை நிமிர்த்திப் பிடித்து, ரசம் சாதத்தைக் கரைத்து மேலிருந்து ஊட்டுவார். கரண்டி வாயருகே வரும் நொடியில் பாப்பாவின் உடம்பு தூக்கிப்போடும், முதுகு வளையும், கை பக்கவாட்டில் வீசும். பாதி சாதம் வெளியே வரும், இருமல் வரும், பிறகு அழுகை. இன்னொருவர் வயதானவர். ரொம்ப நேரம் நிற்க முடியாது என்பதால் முக்காலி போட்டு எதிரே தாழ்வாக உட்கார்ந்து ஊட்டுவார். அவர் கையில் இவ்வளவு ரகளை இல்லை. “பாப்பாவுக்கு அந்த ஆயாம்மாவைத்தான் பிடிக்கும்” என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள்.

சில நாள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். வயதான ஆயாம்மாவின் கரண்டி தட்டிலிருந்து கீழ்வழியாக மேலேறி வந்தது. அது பாதி தூரம் வரும்போதே பாப்பா வாயைத் திறந்து காத்திருந்தாள். நின்று ஊட்டியவரின் கரண்டிக்கு ஒரு தடவைகூட அப்படித் திறக்கவில்லை. அது உதட்டில் பட்ட பிறகே அவளுக்குத் தெரிந்ததுபோல உடம்பு அதிர்ந்தது. பிறகு முதலாமவரையும் முக்காலியில் உட்காரச் சொன்னேன். அவருக்கும் வாய் திறந்தது. ஆள் மாறியதால் வந்த வித்தியாசம் இல்லை என்பது அதில் தெரிந்துவிட்டது.

சத்தம் எழுப்பாத ஒரு சிவப்புப் பந்தை அவள் கண்ணெதிரே நகர்த்திப் பார்த்தேன். இடமும் வலமும் கண் வழுக்கிக்கொண்டு பின்தொடர்ந்தது. கீழேயும் போனது. மேலே கொண்டுபோனபோது கண் நடுவிலேயே நின்றது. அதற்குப் பதிலாகத் தலையைப் பின்னால் எறிந்தாள், உடம்பு முழுக்க முறுக்கிக்கொண்டது. ‘மேலே பார்’ என்று கேட்டபோதெல்லாம் இதுதான் நடந்திருக்க வேண்டும்.

காது விஷயத்தில் ஒரே குழப்பம். அம்மா சொன்னார்: “சில நாள் நல்லா கேக்குது மேடம். சில நாள் பக்கத்துல நின்னு கத்தினாலும் திரும்ப மாட்டேங்குறா. வேணும்னே பண்றாளோன்னு தோணும்.” என் அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசினால் பாப்பா முகத்தில் கவனம் தெரிந்தது. வகுப்பில் அது காணாமல் போனது. ஆடி மாதம் பக்கத்து அம்மன் கோயிலில் ஒலிபெருக்கி கட்டினார்கள். அந்த வாரங்களில் வகுப்பில் அவளிடமிருந்து எந்தப் பதிலும் வரவில்லை என்று ஆசிரியை குறித்திருந்தார். ஒலி நின்ற ஒரு நாள் மதியம் மட்டும் கதை சொல்லும்போது சரியான இடத்தில் சிரித்தாள் என்றும் எழுதியிருந்தார். போகிறபோக்கில் எழுதிய அந்த வரி எனக்குப் பெரிய தடயமாக இருந்தது.

கட்டைப்பைக்குள் இருந்த ஸ்கேன்

பழைய சீட்டுகள் எது இருந்தாலும் கொண்டுவரச் சொன்னேன். அம்மா ஒரு கட்டைப்பை நிறையக் கொண்டுவந்தார். பிறப்புக் கதையையும் அப்போதுதான் முழுதாகச் சொன்னார்.

“மூணாம் நாளே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. லேசா மஞ்சளா இருக்கு, காலை வெயில்ல காட்டுங்கன்னாங்க. அஞ்சாம் நாள் பால் குடிக்கல. அழுகைச் சத்தமே மாறிப்போச்சு, கிரீச்சுனு. உடம்பை வில்லா வளைச்சா. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடி, ரத்தம் மாத்தினாங்க.”

பைக்குள் இரண்டு வயதில் எடுத்த எம்ஆர்ஐ அறிக்கை இருந்தது. இருபுறமும் குளோபஸ் பாலிடஸ் பகுதியில் மாற்றம் என்று எழுதியிருந்தது. பள்ளிக் கோப்பில் அதன் நகல் இல்லை.

பிறந்த குழந்தைக்கு வரும் மஞ்சள் காமாலை பெரும்பாலும் தானாகவோ, நீல ஒளிச் சிகிச்சையிலோ சரியாகிவிடும். மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபின் ரத்தத்தில் அளவு மிஞ்சிப்போனால் மூளையின் ஆழத்தில் சில குறிப்பிட்ட இடங்களைத் தாக்கும். அசைவை ஒழுங்குபடுத்தும் குளோபஸ் பாலிடஸ் அதில் ஒன்று. காதிலிருந்து வரும் செய்தியைக் கடத்தும் நரம்புப் பாதையும், கண்ணை மேல்நோக்கி இயக்கும் பகுதியும் சேர்ந்து அடிபடலாம். பால் பற்களின் எனாமலும் சரியாக உருவாகாமல் போகலாம். இந்தப் பாதிப்புக்குக் கெர்னிக்டெரஸ் என்று பெயர். யோசனைக்கும் மொழிக்கும் அடிப்படையான பெருமூளைப் புறணி இதில் பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

தாமாக நெளியும் உடம்பு, மேலே போகாத கண், நாளுக்கொரு விதமான காது. பாப்பாவின் வாயைத் திறந்து பார்த்தேன். பால் கடைவாய்ப் பற்கள் பழுப்பேறி, மேற்பூச்சு உதிர்ந்து கிடந்தன. நாலும் ஒரே குழந்தையிடம். நோயைக் கண்டறிந்து எழுதுவது என் வேலை இல்லை. நரம்பியல், கண், காது மூன்று பிரிவுகளுக்கும், பார்த்தவற்றை வரிசையாகக் குறித்து எம்ஆர்ஐ நகலுடன் கடிதம் கொடுத்து அனுப்பினேன். வெறுமனே ‘பரிசோதிக்கவும்’ என்று எழுதி அனுப்பினால் அரசு மருத்துவமனைக் கூட்டத்தில் என்ன கிடைக்கும் என்று இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். எதைத் தேட வேண்டும் என்பதைக் கடிதத்தில் எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கண் பிரிவில் மேல்நோக்கிய பார்வை முடக்கம் உறுதியானது. காதுக்கு ‘பெரா’ பரிசோதனை, அதாவது ஒலி கேட்கும்போது காது நரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் மின் அலைகளைப் பதிவது. விழுங்கும் சிக்கல் உள்ள குழந்தைக்கு மயக்க மருந்து வேண்டாம் என்று பிசியோதெரபிஸ்டும் நானும் கேட்டுக்கொண்டதால், முந்தின இரவு தூங்கவிடாமல் வைத்திருந்து, இயல்பான தூக்கத்திலேயே எடுத்தார்கள். ஓஏஇ நன்றாக இருந்தது. பெராவில் இரண்டு காதிலும் அலையே இல்லை.

ஆடிட்டரி நியூரோபதி என்று சொல்லப்படும் நிலை இது. உள்காதின் முடிச்செல்கள் வேலை செய்கின்றன, அதனால் ஓஏஇ ‘பாஸ்’. ஆனால் நரம்புச் செய்திகள் ஒன்றுக்கொன்று நேரம் தவறி மூளைக்குப் போகின்றன. ஒலி இருப்பது தெரியும், சொல் கலங்கிப்போகும். சத்தமான இடத்தில் இன்னும் மோசம். கேட்கும் திறன் நாளுக்கு நாள் ஏறி இறங்குவதும் உண்டு. அம்மா சொன்ன ‘சில நாள் கேக்குது’ இதுதான். கவனிக்க வேண்டிய இன்னொன்று: இந்த நிலையில் பெராவில் அலை இல்லை என்பதற்கு முழுக் காது கேளாமை என்று பொருள் இல்லை. அறிக்கையின் மேல் இதைத் தனியாக எழுதி ஒட்டினேன். இல்லாவிட்டால் அடுத்து பார்க்கிறவர் ‘இயல்பு’ என்பதை அடித்துவிட்டு ‘முற்றிலும் கேளாது’ என்று எழுதிவிடுவார்.

எடுத்த முடிவுகள்

வீட்டில் எல்லோருக்கும் ஒரே எதிர்பார்ப்புதான். “நாக்குப் பயிற்சி குடுத்துப் பேச வெச்சிடுங்க மேடம்.” பாட்டி தினமும் தேனில் வசம்பு உரசி நாக்கில் தடவிக்கொண்டிருந்தார். எதையும் வாயில் சமாளிக்கத் திணறும் குழந்தை என்பதைச் சொல்லி அதை நிறுத்தச் சொன்னேன். பாட்டிக்கு என்மேல் கொஞ்ச நாள் கோபம் இருந்தது. ஊதுவது, விசில் அடிப்பது, பிரஷால் நாக்கைத் தேய்ப்பது போன்ற பயிற்சிகளால் பேச்சு வரும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. கிடைக்கும் அரை மணி நேரத்தை அதில் செலவழிக்க எனக்கு மனமில்லை.

முதலில் சாப்பாடு. பிசியோதெரபிஸ்டுடன் சேர்ந்து நாற்காலியைச் சரிசெய்தோம். இடுப்பு பின்னால் ஒட்டியிருக்க வேண்டும், பாதத்துக்குக் கீழே பலகை, முகவாய் லேசாகக் கீழ்நோக்கி. கரைத்த ரசம் சாதத்துக்குப் பதில் மசித்த கெட்டித் தயிர் சாதம், குழைந்த பருப்புச் சாதம். ஊட்டுகிறவர் யாராக இருந்தாலும் முக்காலியில்தான் உட்கார வேண்டும். கரண்டி கீழிருந்து வரவேண்டும், ஒரு வாய் விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய். இருமல் சில வாரங்களிலேயே குறைந்தது. அழுகை குறைந்ததே தவிர நிற்கவில்லை. அதன் காரணம் பின்னால்தான் தெரிந்தது.

அடுத்து ‘ஆமாம், இல்லை’. தலையாட்டல் சரிவராது, தலை அவள் கட்டுப்பாட்டில் இல்லை. கைநீட்டலும் அப்படித்தான். நம்பக்கூடிய ஒரே அசைவு கண்ணின் இட-வல நகர்வு. எனவே வலப்பக்கம் பார்த்தால் ஆமாம், இடப்பக்கம் பார்த்தால் இல்லை என்று வைத்தோம். நாற்காலியின் இரு கைப்பிடியிலும் கண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே பச்சை, சிவப்பு அட்டை. பின்னால் மூன்றாவதாக, கீழே ட்ரேயில் ஒரு மஞ்சள் அட்டை சேர்ந்தது: ‘நீங்க கேட்டதுல இல்ல, வேற’. இந்த மூன்றாவது இல்லாவிட்டால், தண்ணியா சாப்பாடா என்று கேட்பவரிடம் வெளியே போகணும் என்று சொல்ல அவளுக்கு வழியே இல்லை.

இதைப் பழக்குவது மெதுவான வேலை. முதலில் பதில் சந்தேகத்துக்கு இடமில்லாத கேள்விகள் மட்டும். அவள் வெறுக்கும் கசப்பு மருந்துப் பாட்டிலைக் காட்டி “இது வேணுமா?”, பிடித்த சோப்புக் குமிழியைக் காட்டி “இது வேணுமா?” கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது ஒரே விதி. பெரியவர்களுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. மூன்றாவது நொடியில் கேள்வியைத் திருப்பிக் கேட்டுவிடுவோம். பாப்பாவின் உடம்பு முதலில் முறுக்கி, தளர்ந்து, பிறகுதான் கண் நகரும். நடுவில் மறுபடி கேட்டால் எல்லாம் முதலிலிருந்து.

பதில் அவளுடையதா?

தாயும் ஆசிரியையும் உற்சாகமானதும் எனக்குக் கவலை வந்தது. பேசாத குழந்தையின் சார்பில் பெரியவர்களே தெரியாமல் பதில் சொல்லிவிடுவது இந்தத் துறையில் பழைய நோய். கையைப் பிடித்து எழுத்துகளைத் தொட வைக்கும் ‘ஃபெசிலிடேட்டட் கம்யூனிகேஷன்’ முறையில், பதில்கள் கையைப் பிடித்தவருடையவையே என்று 1990-களிலேயே கட்டுப்பாட்டுச் சோதனைகள் காட்டிவிட்டன. எனவே இரண்டு ஏற்பாடுகள் செய்தேன். பாப்பாவை யாரும் தொடக் கூடாது. கேட்கிறவருக்குப் பதில் தெரிந்திருக்கக் கூடாது.

கைவேலை ஆசிரியை பாப்பாவை மட்டும் தனியே அழைத்துப்போய், துணிப்பையிலிருந்து ஒரு பொருளைக் காட்டுவார்: சீப்பு, டம்ளர், சாவி இப்படி. பிறகு எதையும் பார்க்காத வகுப்பாசிரியை வந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, முகத்துக்கு நேரே நின்று, “சீப்பு பாத்தியா?” என்று கேட்பார். நான் ஓரமாக உட்கார்ந்து கண் போகும் திசையை மட்டும் குறிப்பேன். எனக்கும் பொருள் தெரியாது. இரண்டே பதில் உள்ள பத்துக் கேள்விகளில், ஒன்பதோ அதற்கு மேலோ தற்செயலாகச் சரியாவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய நூற்றில் ஒன்று. அதையே அளவாக வைத்தோம், வெவ்வேறு நாட்களில் திரும்ப வர வேண்டும் என்றும் வைத்தோம். அமைதியான அறையில் வந்தது. மின்விசிறி ஓடிய நாளில் அந்த அளவின் விளிம்புக்கு இறங்கியது. அதுவும் எங்களுக்குத் தேவையான தகவலே.

அதன் பிறகுதான் புரிதலைப் பார்க்கத் தொடங்கினேன். பெயர்ச்சொற்கள், ‘மேல, கீழ, உள்ள’, ‘நேத்து, நாளைக்கு’, இரண்டு கட்டளை சேர்ந்த வாக்கியங்கள். எட்டு வயதுப் பிள்ளை அளவுக்கு மொழி இருந்தது என்று சொல்ல மாட்டேன். காது கலங்கலாகக் கேட்டு, யாரும் உரையாடாமல் எட்டு வருடம் போயிருக்கிறது, இடைவெளிகள் இருந்தன. ஆனால் ‘புரிதல் இல்லை’ என்ற வரிக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை.

காகிதப் பலகை

டேப்லெட் வாங்கலாமா என்று தலைமை ஆசிரியை கேட்டார். படத்தைத் தொட்டால் சொல்லை உரக்கச் சொல்லும், சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் இருக்கிறது, வேறு பிள்ளைகளுக்கு நாங்கள் பயன்படுத்துகிறோம். பாப்பாவால் திரையைத் தொட முடியாது. கண்ணால் இயக்கும் கருவிகளின் விலை பள்ளியின் கைக்கு எட்டாதது. எட்டினாலும், திரையின் மேல் பாதியை அவளால் பார்க்க முடியாது. எனவே லேமினேட் செய்த காகிதம்தான். படங்கள் ஒரே கிடைவரிசையில், வரிசைக்கு நாலு. பெரியவர் ஒவ்வொன்றாகத் தொட்டு உரக்கச் சொல்வார். வேண்டியது வரும்போது அவள் வலப்பக்கம் பார்ப்பாள். மின்சாரம் போனாலும் நிற்காது, தயிர் சாதம் கொட்டினாலும் துடைத்துவிடலாம்.

எந்தச் சொற்களை வைப்பது என்பதில் ஆசிரியைக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம். அவர் பட்டியல்: தண்ணீர், சாப்பாடு, பாத்ரூம், தூக்கம். அதெல்லாம் வேளாவேளைக்கு யாராவது கவனித்துக்கொள்கிறவை, கேட்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. ‘வலிக்குது’, ‘இன்னும்’, ‘போதும்’, ‘தள்ளிப் போ’, ‘யாரு?’, ‘தம்பி’, ‘பாட்டு’ இவற்றை முதல் பக்கத்தில் வைத்தோம். ‘தள்ளிப் போ’ வைத்தது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. முதல் மாதம் பாப்பா அதிகம் பயன்படுத்தியது அதைத்தான், பெரும்பாலும் என்னிடம்.

‘படம் காட்டினா அப்புறம் பேசவே மாட்டா’ என்ற பயம் வீட்டில் இருந்தது. மாற்றுவழித் தொடர்பும் பேச்சும் பற்றி 2006-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், அதனால் பேச்சு குறைந்தவர் யாரும் இல்லை, பெரும்பாலானோருக்குச் சிறிது கூடவே செய்தது. அம்மாவிடம் இதைச் சொன்னதோடு, பாப்பாவுக்குப் பேச்சு வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “சரி மேடம், அந்தப் பலகைய வீட்டுக்கும் ஒண்ணு குடுங்க” என்றார்.

பல் வலி

தீபாவளி விடுமுறைக்குப் பிறகு ஒரு நாள் நான் பள்ளியில் இல்லை. சாப்பாட்டின் நடுவில் பாப்பா அழ ஆரம்பித்திருக்கிறாள். ஆசிரியை பலகையை எடுத்தார். ‘வலிக்குது’ என்பதில் கண் வலப்பக்கம் போனது. பிறகு அவரே வாய்வார்த்தையாகக் கேட்டுக்கொண்டு போனார்: தலையா, காதா, வயிறா, காலா. எல்லாவற்றுக்கும் இடப்பக்கம். ‘வாயா?’ என்றதும் வலப்பக்கம். நாக்கா? இல்லை. பல்லா? ஆமாம். மேலயா, கீழயா என்று கீழ் வரிசைவரை போய்விட்டார்.

அரசு பல் பிரிவில் பார்த்தபோது, கீழ்ப் பால் கடைவாய்ப் பற்கள் இரண்டில் சொத்தை வேர்வரை இறங்கியிருந்தது. எடுத்துவிட்டார்கள். அந்த வாரத்தோடு சாப்பாட்டு அழுகை நின்றது. மாதாமாதம் ‘அடம்’ என்று எழுதிய வரியை அதன் பிறகு பதிவேட்டில் யாரும் எழுதவில்லை. பல்லின் நிலையை நானும் முன்பே பார்த்துத்தான் இருந்தேன். பல் மருத்துவரிடம் முன்பதிவும் போட்டிருந்தோம், பொங்கலுக்குப் பிறகு தேதி. வலிக்கிறது என்பது அவள் சொன்னதால் தேதி முன்னுக்கு வந்தது.

நடந்ததும் நடக்காததும்

வகுப்பில் அவள் இடம் மாறியது. மின்விசிறிக்கும் வராந்தாவுக்கும் தள்ளி, ஆசிரியைக்கு நேர் எதிரே. கரும்பலகையில் எழுதுவது அவளுக்குப் பயன்படாது, பார்க்க அண்ணாந்தாக வேண்டும். அவளுக்கானதை ட்ரேயிலேயே வைத்தார்கள். காது மெஷின் சோதனைக்காகப் போட்டுப் பார்த்ததில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆசிரியையின் குரலை நேராகக் காதுக்குக் கொண்டுவரும் ரிமோட் மைக் உதவக்கூடும், அது இன்னும் கிடைக்கவில்லை. அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் பற்றி அம்மா கேட்டார். இந்த நிலையில் சிலருக்குப் பயன் உண்டு. ஆனால் அரசுத் திட்டங்களின் வயது வரம்பை அவள் தாண்டிவிட்டாள். காது மருத்துவரின் கருத்துக்கு அனுப்பியிருக்கிறோம்.

வீட்டில் பலகை பாதிதான் நடந்தது. அப்பா வெளியூரில் வேலை. அம்மாவுக்கு மாலை நேரம் ஓட்டமாக ஓடிவிடும். எதிர்பாராமல் கைகொடுத்தது ஐந்து வயதுத் தம்பி. அவனுக்குக் காத்திருப்பது விளையாட்டு. பாட்டியும் பிறகு சேர்ந்துகொண்டார், ஆனால் இப்போதும் இடப்பக்கத்தை ஆமாம் என்று எடுத்துக்கொள்வார், தம்பி திருத்துவான்.

தொடர்புத் திறனை ஐந்து நிலையாகப் பிரிக்கும் சிஎஃப்சிஎஸ் வகைப்பாட்டில் ஜூன் மாதம் ஐந்தாம் நிலையில் இருந்தாள், அதாவது பழகியவர்களிடமும் அரிதாகவே தொடர்பு. ஏப்ரலில் நான்காம் நிலை. ஆசிரியை, வயதான ஆயாம்மா, தம்பி மூவரிடம் மட்டும் மூன்றாம் நிலை என்று சொல்லலாம். புதியவர்களிடம் இன்னும் எதுவும் இல்லை.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் விஷயம் சிக்கலானது. “அறிவு இருக்குன்னு எழுதினா பணம் நின்னுடுமா மேடம்?” என்று அம்மா கேட்டார். மாதாந்திர உதவித்தொகையில்தான் பாப்பாவின் டயபரும் ஆட்டோச் செலவும் போகின்றன. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மூளை முடக்குவாதமும் பல்வகைக் குறைபாடும் உண்டு. இயக்கக் குறைபாட்டின் அளவு அப்படியேதான் இருக்கிறது, கேட்டல் குறைபாடும் இப்போது சேர்கிறது. ஆனாலும் குடும்பம் தயாராகும்வரை மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பதில்லை என்று முடிவு செய்தோம். பள்ளிக்குள் கற்பிப்பதற்கு அந்தத் தாள் மாற வேண்டியதில்லை. தலைமை ஆசிரியைக்கு இதில் முழு உடன்பாடில்லை.

மாற்றியவை

சேர்க்கைப் படிவத்தில் பிறந்தபோது வந்த மஞ்சள் காமாலை பற்றிய கேள்வி வெறும் ‘உண்டு / இல்லை’ என்றிருந்தது. இப்போது விளக்கொளியில் வைத்தார்களா, ரத்தம் மாற்றினார்களா, எத்தனையாவது நாள் என்று கேட்கிறோம். ரத்தம் மாற்றியிருந்தால் ஓஏஇ மட்டும் போதாது, பெராவும் சேர்த்துக் கேட்டுக் கடிதம் போகும். ஸ்கேன் அறிக்கைகளின் நகல் கோப்பில் இருக்க வேண்டும். பேசாத எந்தக் குழந்தைக்கும் புரிதல் மதிப்பீடு எழுதும் முன், எந்த அசைவின் மூலம் பதில் பெறப்பட்டது, அந்த அசைவு அக்குழந்தைக்கு முடியுமா என்று ஒரு வரி எழுத வேண்டும்.

அடுத்த முறை வேறுவிதமாகச் செய்ய நினைப்பது ஒன்று. ஆயாம்மாக்களுக்குப் பயிற்சியை ஆசிரியைகளுக்குத் தந்த பிறகு தந்தோம். குழந்தையோடு நேருக்கு நேர் அதிக நேரம் இருப்பவர்கள் ஆயாக்கள்தான், அவர்களிடமிருந்தே தொடங்கலாம். ஜூன் மாதம் வகுப்பாசிரியை மாறுவார் என்பதால் நாற்காலியின் பின்னால் ஒரு அட்டை தொங்கவிட்டிருக்கிறோம். அதில் இருப்பது இவ்வளவே: “எனக்குப் புரியும். வலப்பக்கம் பார்த்தால் ஆமாம், இடப்பக்கம் இல்லை, கீழே பார்த்தால் வேறு. என்னால் மேலே பார்க்க முடியாது. முகத்துக்கு நேரே வந்து பேசுங்கள், ஃபேனை நிறுத்துங்கள். கேட்டபின் பத்து எண்ணுங்கள்.”

ஏப்ரல் கடைசியில் பழைய கோப்புகளை ஒரு தடவை புரட்டினோம். மேல் வகுப்பில் ஒரு பையன், பிறந்த வாரத்தில் ரத்தம் மாற்றப்பட்டவன், கேட்டல் குறிப்பில் ஓஏஇ மட்டும். ‘ஆமாம்’ என்றால் மேலே பார்க்க அவனுக்கும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். பள்ளி திறந்த பின் அவனுக்குப் பெரா எடுக்கவும் கண் பிரிவில் காட்டவும் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.